தண்ணீர் படாத மூலை

கூப்பிடுவாரா மாட்டாரா. கூப்பிட மாட்டார். கூப்பிட்டால்தான் என்ன, போய் மறுபடியும் அதையேதான் செய்து தொலைப்பான். செண்பகராஜ் பெஞ்சின் கடைசி நுனியில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில், ஹாக்கி ஸ்டிக்கை இரண்டு முட்டிக்கும் நடுவில் நட்டுவைத்து உட்கார்ந்திருந்தான். எதிரே கோட்டுக்கு இந்தப் பக்கம் கோச் குலசேகர் சாரின் முதுகு. சட்டை வியர்வையில் ஒட்டி முதுகில் ஒரு தீவு மாதிரி இருந்தது. அரை மணி நேரமாக அந்தத் தீவு பெரிதாகிக்கொண்டே வந்ததே ஒழியத் திரும்பவில்லை. எப்படித் திரும்பும். முதல் குவார்ட்டரில் இவனை மூன்றே மூன்று நிமிடம் இறக்கிவிட்டார். மிட்ஃபீல்டிலிருந்து தள்ளிய பந்து, இதைவிட நல்ல பந்து ஆயுசுக்கும் வராது, நேராக இவன் ஸ்டிக்குக்கு வந்தது. இவன் என்ன செய்தான்? தூக்கினான். ஒரு இஞ்ச். வேண்டுமென்றா தூக்கினான், கை தூக்கியது. கோவில்பட்டி செம்மண்ணில் எட்டு வயதிலிருந்து ஆடியவன் கை அது. அங்கே பந்து சரளைக்கல்லில் பட்டு எப்படியும் துள்ளும், துள்ளும் என்று தெரிந்து எல்லாப் பயலும் ஸ்டிக்கைத் தரையிலிருந்து ஒரு விரல் மேலே வைத்துத்தான் நிறுத்துவான். டர்ஃப் என்கிற செயற்கைப் புல் அப்படி இல்லை. தண்ணீர் அடித்த நீலத் தரையில் பந்து ஒட்டிக்கொண்டு வழுக்கும், பாம்பு மாதிரி வரும். அந்த ஒரு இஞ்ச் சந்தில் நுழைந்து போயே போய்விட்டது. எதிர் டீம்காரன் எடுத்தான், நாலே பாஸ், கோல். பூஜ்யம் ஒன்று. கேலரியில் ஒருத்தன், அதுவும் நம்ம ஆள்தான், இவன் பனியன் நம்பரைச் சொல்லிக் கத்தினான், "டேய் பதினெட்டு, ஸ்டிக்குக்குக் கீழ கேட் போடுடா!" சிரித்தார்கள். ஐம்பது பேர்கூட இல்லாத கேலரி ஐயாயிரம் பேர் மாதிரி சிரித்தது. சார் திட்டக்கூட இல்லை. விரலை மட்டும் ஆட்டி வெளியே வா என்றார். திட்டியிருந்தால் தேவலை. திட்டுகிற ஆளை நாளைக்கும் வைத்துக்கொள்வார்கள், சும்மா விரலை ஆட்டினால் ஆளைக் கை கழுவிவிட்டார்கள் என்று அர்த்தம். நாக்கு தானாகப் போய்க் கீழுதட்டுத் தழும்பைத் தொட்டது. மூன்று தையல். பயம் வந்தால் நாக்கு அங்கேதான் போகும்.

அந்தத் தையல் இதற்கு நேர் எதிரான கதை. தென்கடல் உரக் கம்பெனிக்கு இரண்டு டீம். ஏ டீம் முதல் டிவிஷன், டர்ஃபில் ஆடும். பி டீம் மூன்றாவது டிவிஷன், ஊருக்கு வெளியே செம்மண்ணில் ஆடும். கம்பெனி விடுதியில் ஏ டீமுக்கு மாடி, பி டீமுக்குக் கீழே குடோன் பக்கத்து ரூம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேனேஜர் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு எழுத்து அனுப்புவார். ஏ என்று வந்தால் மெத்தையைச் சுருட்டி மாடிக்கு, பி என்று வந்தால் அதே மெத்தை கீழே. எட்டு மாதத்தில் ஐந்து தடவை ஏறி இறங்கிவிட்டான். வாட்ச்மேன் கேட்டார், "என்ன தம்பி, உனக்குன்னு தனியா லிஃப்ட்டு வெச்சுரச் சொல்லவா?" ஒரு வாரம் மாடியில் இருந்து டர்ஃபில் ஆடி, ராவும் பகலும் 'தூக்காதே தூக்காதே' என்று கைக்குச் சொல்லிச் சொல்லி, கை ஒருவழியாகக் கேட்க ஆரம்பித்த நாளில் பி என்று வந்தது. செம்மண்ணுக்குப் போனான், ஸ்டிக்கை அழகாகத் தரையோடு படுக்கவைத்தான், பந்து கல்லில் பட்டு எழும்பி வாயைக் கிழித்தது. ஆக அங்கே இருந்தால் இங்கத்திய கை, இங்கே வந்தால் அங்கத்திய கை. இதை யாரிடம் சொல்வது, சொன்னால் சாக்கு என்பார்கள். அம்மாவுக்கு ஊரிலிருந்து போனில் கேட்க ஒரு கேள்விதான் உண்டு, "இந்த வாரம் மேலயாப்பா கீழயா?" மேலே என்றால் அடுத்த பேச்சு சாப்பாடு. கீழே என்றால் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது, அவள் வேலை செய்கிற கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு கிண்டுகிற சத்தம் மட்டும் கேட்கும், அப்புறம், "அதனால என்னலே, ரெண்டும் ஒரே கம்பெனிதான" என்பாள். ஒரே கம்பெனியா. மாடியில் இருப்பவனுக்கு வருஷக் கடைசியில் நிரந்தர வேலை. கீழே இருப்பவனுக்கு ஊருக்கு டிக்கெட். பிளஸ் டூ கணக்குப் பரீட்சை அன்றைக்குத் திருச்சியில் ஸ்டேட் மேட்ச் ஆடிக்கொண்டிருந்தவன், ஊருக்குப் போய் என்ன செய்வான்? இன்றைக்கு மேட்ச் முடிந்ததும் சார் சீசன் முழுக்க மாடியில் இருக்கப்போகிற பதினெட்டுப் பேரை எழுதிக் கொடுப்பார். பதினேழு பேர் முடிவாகிவிட்டது என்று எல்லாருக்கும் தெரியும். மிச்சம் ஒரே ஒரு ரைட் விங். டெரிக் அண்ணனா, இவனா. இனிமேல் வாராவாரம் எழுத்து வராது. ஒரே எழுத்துதான், வருஷம் பூரா.

டெரிக்கோ இப்போது, மூன்றாவது குவார்ட்டரில், உள்ளே செத்துக்கொண்டிருந்தான். பெரம்பூர்க்காரன், இருபத்தேழு வயது, முட்டி ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் கழித்து வந்திருக்கிறான். பிறந்ததிலிருந்து டர்ஃப் தவிர வேறு தரையை மிதித்ததில்லை. ஸ்டிக்கைத் தரையில் படுக்கவைத்தால் வெண்ணெய் தடவின மாதிரி இருக்கும். அப்பேர்ப்பட்டவனை வலது மூலையில் பந்து மூன்று தடவை ஏமாற்றிவிட்டது. மூன்றாவது தடவை ஸ்டிக்கைத் தாண்டிக் குதித்து நெஞ்சில் பட்டது, விசில். சார் வாய்க்குள் ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்த ரிசர்வ் கோல்கீப்பர் உதட்டைப் பிதுக்கினான், "அண்ணனுக்கு டைம் ஆயிடுச்சு போல." ஆகவில்லை. செண்பகராஜுக்குத் தெரியும். இந்த மைதானத்தில் இவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். இன்டர்வலில் ஸ்பிரிங்க்ளர் போட்டார்கள். எல்லாரும் நிழலுக்கு ஓடினார்கள், இவன் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் பெஞ்சிலேயே கிடந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு குழாயில் ஐந்து சுற்றி அடித்தது. அந்த மூலைக் குழாய் மட்டும் ரெண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. கிரவுண்டுக்காரர் எட்டிப் பார்த்தார், மணியைப் பார்த்தார், போய்விட்டார். சித்திரை வெயில், மூன்றரை மணி. மைதானம் முழுக்க அடர் நீலமாக இருக்க அந்த மூலை மட்டும் வெளுத்துப்போன யூனிஃபார்ம் கலரில் இருந்தது. காய்ந்த டர்ஃப் என்ன செய்யும்? பந்தைப் பிடித்து இழுக்கும், துள்ள வைக்கும். செம்மண் அளவுக்கு இல்லை. ஒரு இஞ்ச். சரியாக ஒரு இஞ்ச். சைடு மாறினதும் அது நம்முடைய வலது மூலை ஆகிவிட்டது, டெரிக்கின் இடம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்தும் அங்கே போகும்போது இவன் கை பெஞ்சில் இருந்தபடியே தூக்கியது, டெரிக்கின் கை படுத்தே கிடந்தது. சொன்னால் ஒரு வாக்கியம். 'அண்ணே, அங்க காஞ்சிருக்கு, கொஞ்சம் தூக்கிப் பிடிங்க.' சொன்னால் அண்ணன் அடுத்த பந்தை நிறுத்துவான், நிறுத்தினால் இவன் கீழே. சொல்லாவிட்டால் இன்னும் ரெண்டு பந்து, சார் பொறுமை போய் இவனை இறக்குவார், இவன் நிறுத்துவான். பொய் சொல்லப்போவதில்லையே, சும்மா இருக்கப்போகிறான், அவ்வளவுதானே. சும்மா இருப்பது ஒரு தப்பா? சார் கண் எங்கே போச்சு, டெரிக் கண் எங்கே போச்சு. நானா குழாயை அடைத்தேன்?

மூன்றாவது குவார்ட்டர் முடிந்து ரெண்டு நிமிட இடைவெளி. எல்லாரும் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சாரைச் சுற்றி நின்றார்கள். சார் போர்டில் கோடு போட்டுக் கத்தினார். டெரிக் மட்டும் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து இவன் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். வேண்டாம், இங்கே உட்காராதே, பத்துப் பேர் உட்கார இடம் இருக்கிறது. "தண்ணி குடுடா கோயில்பட்டி." கொடுத்தான். முகத்தைப் பார்க்காமல் கொடுத்தான். "கையே வர்ல மச்சி இன்னிக்கு," என்றான் டெரிக், சிரிக்கிற மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு. "பந்து பூந்துனு போவுது. எனக்கு வயசாயிச்சா?" இப்போது சொல், இப்போது. வாய் திறந்தது. "இல்லண்ணே," என்றது, அதற்கு மேல் வரவில்லை. டெரிக் குனிந்து இவன் காலைப் பார்த்தான். ஐயோ. டர்ஃப் ஷூ. அது டெரிக்குடையதுதான். முதல் தடவை மாடிக்கு வந்தபோது செம்மண் ஷூவோடு டர்ஃபில் வழுக்கி வழுக்கி விழுந்தவனுக்கு, ஆபரேஷனுக்குப் போகிற வழியில், "எனக்கு ஆறு மாசம் தேவப்படாது, போட்டுக்கோ" என்று பையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டுப் போனது. ஒரு சைஸ் பெரிசு. ரெண்டு சாக்ஸ் போட்டு ஆடுகிறான். "இன்னும் லூசா இருக்குதா?" "இல்லண்ணே, சரியா இருக்கு." பொய். இதற்கு மட்டும் பொய் உடனே வருகிறது. விசில் அடித்தார்கள், டெரிக் இவன் தொடையில் ஒரு தட்டு தட்டி எழுந்தான். ஷூவுக்குள் கால் விரல் சுருண்டுகொண்டது. அண்ணனுக்குக் கல்யாணம் ஆகி ஒரு கைக்குழந்தை இருக்கிறது, அது வேறு ஞாபகம் வந்து தொலைத்தது. சரி, எங்க அம்மா மட்டும் என்ன, அவள் பாகு கிண்டிக் கிண்டித் தோள் இறங்கிப்போய்க் கிடக்கிறாள். அண்ணனுக்காவது கம்பெனியில் ஏற்கெனவே நிரந்தர வேலை. கீழே இறக்கினாலும் வேலை போகாது, மானம்தான் போகும். மானம் போனால் போகட்டுமா? முதல் குவார்ட்டரில் எனக்குப் போனதே, அப்போது யார் வந்து என்ன சொன்னான்? யாரும் சொல்லவில்லை. யாருக்கும் என் கையைப் பற்றித் தெரியாதே. தெரிந்திருந்தால் டெரிக் சொல்லியிருப்பான். சொல்லியிருப்பான், அதில் சந்தேகமே இல்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது.

கடைசிக் குவார்ட்டர், ஏழு நிமிடம் மிச்சம், இன்னும் பூஜ்யம் ஒன்று. பந்து நாற்பது கஜம் வழுக்கி வந்தது, ஈரம் முடிகிற இடத்தில் லேசாகத் தடுக்கியது, டெரிக் அழகாக முட்டி மடக்கி ஸ்டிக்கைப் படுக்கவைத்தான், பந்து ஒரு சின்னக் குதி குதித்து மேலாக வெளியே போனது. நாலாவது. முதுகுத் தீவு திரும்பியது. "பதினெட்டு! எறங்கு!" வந்துவிட்டது. இதற்காகத்தானே. செண்பகராஜ் எழுந்தான், முன்காலில் கட்டின கார்டைச் சரி பண்ணினான், நடுக்கோட்டுக்கு ஓடினான். இனி டெரிக் இந்தப் பக்கம் வரவேண்டும், கையைத் தட்டவேண்டும், உள்ளே போகவேண்டும். பத்து விநாடி. சார் உள்ளே பார்த்துக் கத்தினார், "டெரிக், வெளிய வா! போதும்டா நீ ஆடினது! முட்டியோட சேத்துக் கையையும் அறுத்துட்டாங்களா!" கேலரியில் சிரித்தார்கள். அதே சிரிப்பு. டெரிக் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்து வர ஆரம்பித்தான், ஓடிக்கூட வரவில்லை, நடந்து. நடக்கும்போது தன் ஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அதில் ஏதோ ஓட்டை இருக்கிற மாதிரி. அந்தப் பார்வைதான். இவனும் முதல் குவார்ட்டரில் அப்படித்தான் பார்த்துக்கொண்டு வந்தான். "சார், அந்த மூலையில தண்ணி விழல," என்றது வாய். நல்லவன் என்பதால் ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான், பல்லுக்குள் சிக்கினதைத் துப்புகிற மாதிரி. "குழாய் வேல செய்யல சார். தரை காஞ்சு கெடக்கு. பந்து துள்ளுது. அண்ணன் மேல தப்பில்ல, ஸ்டிக்க லேசாத் தூக்கிப் பிடிச்சா நிக்கும்." சார் மூலையைப் பார்த்தார். கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தார். அந்த வெளுத்த நிறம் அவர் கண்ணிலும் விழுந்தது, முகத்தில் தெரிந்தது. அப்புறம் மெதுவாக இவன் பக்கம் திரும்பினார். "எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?" இதை இவன் எதிர்பார்க்கவே இல்லை. சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைத்தான். இப்பத்தான் சார். இப்பத்தான் பாத்தேன். ரெண்டே சொல், யாராலும் கண்டுபிடிக்க முடியாது, குழாய் வந்து சாட்சி சொல்லப்போகிறதா. இப்பத்தான் என்றால் கெட்டிக்காரன், பெஞ்சில் இருந்தபடி தரையைப் படித்த பையன், மாடி. நாக்கு தழும்புக்குப் போனது. டெரிக் கோட்டுக்கு வந்துவிட்டான், மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான், இவர்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்டர்வல்லேர்ந்து, சார்."

சார் டெரிக் பக்கம் திரும்பினார். மைதானத்துக்கே கேட்கிற மாதிரி, "அந்த மூலை காஞ்சிருக்காம். ஸ்டிக்கத் தூக்கி வெய்யி. இந்தத் தொரைக்கு இன்டர்வல்லேர்ந்தே தெரியுமாம்!" என்றார். "திரும்பிப் போ, டெரிக். பதினெட்டு, நீ உக்காரு." மாடி போனது. பெஞ்சுக்கு வந்த வழி ஞாபகம் இல்லை, உட்கார்ந்திருந்தான். ரிசர்வ் கோல்கீப்பர் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தான். இந்தப் பக்கமும் கெட்டது அந்தப் பக்கமும் கெட்டது, சொல்லாமலாவது இருந்திருக்கலாம், இல்லை இன்டர்வலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம், நடுவில் சொல்பவன் என்ன ஜென்மம். மெத்தையைச் சுருட்டவேண்டும். வாட்ச்மேன் என்ன சொல்வார். அம்மா பேசாமல் இருக்கிற அந்த நேரத்தில் பாகுச் சத்தம் கேட்கும். பந்து மறுபடி மூலைக்குப் போனது. பார்க்கக் கூடாது என்று நினைத்தான், பார்த்தான். டெரிக் ஸ்டிக்கைத் தூக்கினான். ஒரு இஞ்ச். அழகாக இல்லை, முழங்கை கோணிக்கொண்டு, கோவில்பட்டியில் ஸ்கூல் விட்டு ஓடிவருகிற சின்னப் பயல் மாதிரி. டொக். நின்றது. ஐம்பது தடவை இவன் கை செய்து அடி வாங்கின காரியம், அந்தப் பெரிய ஆட்டக்காரன் உடம்பில் போய் உட்கார்ந்து பந்தை நிறுத்தியது. திரும்பினான், உள்ளே வெட்டினான், கோலுக்கு முன்னால் டி வட்டத்துக்குள் எதிர் டீம்காரன் எவன் காலிலோ பந்து பட்டது, பெனால்டி கார்னர். கோல். ஒன்று ஒன்று. பெஞ்சு முழுக்க எழுந்து குதித்தது. செண்பகராஜும் குதித்துவிட்டான், பாதியில்தான் ஞாபகம் வந்து உட்கார்ந்தான்.

இரண்டரை நிமிடம் மிச்சம். டெரிக் நொண்டிக்கொண்டு கோட்டுப் பக்கம் ஓடிவந்தான். முட்டி போய்விட்டது, முகம் வெளுத்திருந்தது. "மாத்துங்க சார்," என்றான், "முடியல." சார் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சில் இன்னும் ரெண்டு ஃபார்வர்டு இருந்தார்கள். சார் பார்வை ஒவ்வொருத்தர் மேலும் நின்று நின்று வந்தது, இவன் மேல் வந்தபோது நிற்காமல் கடந்தே போனது. "டேய் கோயில்பட்டி!" டெரிக்தான். "உக்காந்துனே இருப்பியா? வாடா!" இவன் சாரைப் பார்த்தான். சார் மைதானத்தைப் பார்த்தபடி, "போ," என்றார். "லிஸ்ட்டு அப்பறம். உன்னாண்ட எனக்குப் பேச வேண்டியது இருக்கு." ஓடினான். பெரிய ஷூ தப் தப்பென்று அடித்தது. டெரிக் கையை நீட்டினான், இவன் நீட்டினான், தட்டுவதற்குப் பதில் டெரிக் கையைப் பிடித்து நிறுத்தினான். "இன்டர்வல்லேர்ந்தா?" "ஆமாண்ணே." "தண்ணி குடுத்தியே, அப்பவும்?" "அப்பவும்." டெரிக் விட்டான், விட்டு ஓங்கி ஒரு தட்டு தட்டினான், உள்ளங்கை தீப்பிடித்த மாதிரி எரிந்தது. கோபமா, போடா ஜெயிச்சுட்டு வா என்றா, தெரியவில்லை, கேட்க நேரம் இல்லை. உள்ளே ஓடிக்கொண்டே இருந்தான். எரிகிற கையில் ஸ்டிக் வழக்கத்தைவிட நன்றாகப் பிடிபட்டது. மேலேயா கீழேயா என்று அம்மா கேட்பாள், தெரியலம்மா என்று சொல்லவேண்டியதுதான், தெரியாதது தெரியாதுதான். மிட்ஃபீல்டில் ஒருத்தன் தலையைத் தூக்கி இவனைப் பார்த்தான், அடித்தான். பந்து நீலத்தில் வழுக்கி வந்தது, மூலைக்குப் போகாமல், நேராக ஈரத் தரையும் காய்ந்த தரையும் சந்திக்கிற அந்த வெளுத்த ஓரத்துக்கு வந்தது, துள்ளுமா துள்ளாதா என்று அதற்கே தெரியாத இடத்துக்கு. தூக்காதே என்று யாரும் சொல்லவில்லை, தூக்கு என்றும் யாரும் சொல்லவில்லை. நாக்கு தழும்புக்குப் போகவில்லை. இவன் தரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பந்தைப் பார்த்தான்.